கையா வண்டியா

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் மறுபடியும் போன். கிளினிக்கில் ஒரு பெரியவருக்குக் காது சோதனை நடந்துகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. விடாமல் அடித்தான். வெளியே வந்து எடுத்தால்:

“பாப்பா, அப்பா கை நடுங்குது. பக்கத்துல உக்காந்து பாத்தவன் சொல்றேன். நீ போய் கார் சாவிய வாங்கி வெச்சுடு.”

பாப்பாவாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. தலையில் பாதி வெளுத்துவிட்டது. இவனுக்கு ஏதாவது வேலை ஆக வேண்டுமென்றால் மட்டும் நான் பாப்பா.

போன வாரம் அவன் வந்தபோது அப்பாதான் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டி வந்தார். பைபாஸில் ஸ்டீயரிங் ஆடியிருக்கிறது, அதைப் பிடித்திருந்த கையும் ஆடியிருக்கிறது. “கை இல்லடா, வண்டி” என்று அப்பா சொன்னாராம். இவன் சிரித்தானாம். அதை என்னிடமே பெருமையாகச் சொல்கிறான்.

சாவியோடு நின்றால் சரி. அதற்குப் பின்னால் ஒரு திட்டமே வைத்திருக்கிறான். அப்பா ஓட்டக் கூடாது என்றால் அம்மாவை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப் போவது? வாரத்தில் மூன்று நாள், ஊருக்கு வெளியே, பைபாஸ் தாண்டி. அதனால் காரை விற்று, வீட்டை வாடகைக்கு விட்டு, இரண்டு பேரையும் தன் ஊருக்கு, தன் பதினோராவது மாடிக்குக் கூட்டிப் போய்விடுவானாம். அம்மாவுக்கு லிப்டில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டும். அப்பாவுக்கு இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் அவர் கையால் வரைந்த படம். அவர் வாழ்க்கை முழுக்கக் கட்டட வரைபடம் வரைந்த மனுஷன். ஸ்கேல் இல்லாமல் கோடு போடுவார். அந்தக் கை நடுங்குகிறதாம்.

வண்டிதான். நான் நிரூபித்துக் காட்டுகிறேன்.

ஜூன் 4, புதன்

சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போய், கடைக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லிக் காரை எடுத்தேன். நேராக பைபாஸ்.

ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியதும் விரலில் ஒரு குறுகுறுப்பு. எழுபத்தைந்தில் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறியது. தொண்ணூறுக்கு மேல் மிதித்தால் கொஞ்சம் அடங்கியது. திரும்பும்போது வேகத்தடையில் முன்பக்கம் இடதுபுறமிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைகிறது.

என் கையும்தான் நடுங்கியது. அப்போ எனக்கு என்ன வியாதி, டாக்டர் அண்ணா?

அவனுக்கு வீடியோ அனுப்பினேன். பதில்: “வண்டி அவ்ளோ மோசம்னா வித்துடலாமே.” கை ஆடினாலும் விற்கணும், வண்டி ஆடினாலும் விற்கணும். இவனிடம் என்ன பேசுவது?

ஜூன் 5, வியாழன்

அப்பாவிடம், “அந்தப் பழைய மெக்கானிக்கிட்டயே காட்டலாமா?” என்றேன். இருபது வருடமாக இந்தக் காரைப் பார்ப்பவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நான் சின்ன வயதில் அவருக்கு வைத்த பெயர் ஸ்டெதாஸ்கோப்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவன் இப்பல்லாம் சரியா பாக்கிறதில்லம்மா. விடு, நான் பாத்துக்கறேன்.”

பார்த்து என்ன கிழித்தாராம் இத்தனை நாள்? கேட்கவில்லை. ஏற்கனவே ஒருவன் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறான், நானும் வேறு ஏற்ற வேண்டாம்.

அம்மா காபி கொடுத்தாள். எனக்கு நிறைய, அப்பாவுக்கு அரை கப். “சர்க்கரை கூடிருதாம், அதான் கொறச்சு” என்றாள். பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம்.

ஜூன் 7, சனி

டயர் கடை. முன் சக்கரங்களைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டு, ஈயத் துண்டுகளை ஒட்டி பேலன்ஸ் செய்தார்கள். கடைக்காரர் சொன்னார், “இனிமே வெண்ணெய் மாதிரி போகும் மேடம்.”

ஜூன் 8, ஞாயிறு

வெண்ணெயாவது மண்ணாவது. முன்பு உதறியது, இப்போது சிணுங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ‘டொக்’ அப்படியே இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

காது சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு ஒலியைத்தான் கொடுப்போம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தெரியாது. வண்டிக்கும் அதேதான். அதனால் டயர் கடைக்காரரிடம், “முன் சக்கரத்தைப் பின்னால மாட்டுங்க, பின் சக்கரத்தை முன்னால மாட்டுங்க, வேற எதையும் தொடாதீங்க” என்றேன். டயரில் கோளாறு என்றால் நடுக்கமும் பின்னால் போய், ஸ்டீயரிங்கில் இல்லாமல் சீட்டில் தெரிய வேண்டும்.

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “சார் யாராவது வந்தாங்கன்னா பேசிக்கலாம் மேடம்.”

“சார் வீட்ல சமைச்சிட்டு இருக்கார். நீங்க மாட்டுங்க” என்றேன். உண்மையாகவே சமைத்துக்கொண்டிருந்தார்.

மாட்டினார். ஓட்டினேன். சீட்டில் ஒரு சலனமும் இல்லை, ஸ்டீயரிங் அப்படியே ஆடுகிறது. ஆகவே டயர் இல்லை. திரும்பிப் போய்ச் சொன்னால், “அப்ப அலைன்மென்ட்தான் மேடம்” என்கிறார். மேடை மேல் ஏற்றி, சக்கரங்களின் கோணத்தைத் திரையில் பார்த்து, பச்சை விளக்கு எரியும் வரை திருகிச் சரிசெய்தார்கள்.

ஜூன் 13, வெள்ளி

அலைன்மென்ட் செய்து மூன்றே நாளில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. நேராகப் போனால் ஸ்டீயரிங் கோணல், ஸ்டீயரிங்கை நேராக்கினால் வண்டி சாக்கடைக்குப் போகிறது.

கடைக்காரர்: “பள்ளத்துல எறக்கியிருப்பீங்க.”

எந்தப் பள்ளத்தில்? எப்போது? நான் ஓட்டினால் பள்ளம், அப்பா ஓட்டினால் கை. இந்த வண்டிக்கு மட்டும் ஒரு குறையும் இருக்கக் கூடாது, அது உத்தமி! கடையில் கத்திவிட்டேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் சொல்கிறார், “உனக்குக் கோபம் வந்தா நம்ம வீட்டு குக்கர்கூட விசில் அடிக்க யோசிக்குது.” சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று வந்த ஒரு தம்பதி. கணவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. நான் என்ன கேட்டாலும் அவர் மனைவியின் வாயைப் பார்க்கிறார், அந்தம்மா முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். “அவருக்கு நல்லா கேக்கும் மேடம். கூட்டத்துலதான் கொஞ்சம் கஷ்டம்.” அந்தம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். போகும்போது என்னை முறைத்துக்கொண்டே போனாள். காது போனவர் நடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு அந்த நடிப்புக்கு ஒத்து ஊதுகிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜூன் 18, புதன்

அண்ணன் 28-ஆம் தேதி வருகிறான். டிக்கெட் போட்டுவிட்டானாம். வீட்டு புரோக்கரிடமும் பேசிவிட்டானாம். யாரைக் கேட்டு?

“நீ உணர்ச்சிவசப்படற பாப்பா. ஒரு நாள் அம்மாவோட சேந்து கவுந்தா என்ன பண்ணுவே?”

“கவுந்தா வண்டியாலதான் கவுழும், அப்பாவால இல்ல!”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

போனை வைத்துவிட்டேன். என்ன வித்தியாசமா? ஒன்றைக் கழற்றி மாட்டலாம்டா. இன்னொன்று அப்பா.

ஜூன் 19, வியாழன்

அம்மாவிடம் கேட்டேன், “உனக்கு அங்க போக இஷ்டமா?” டயாலிசிஸ் முடிந்து வந்து, ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். “எனக்கு என் ஜன்னல் வேணும்” என்றாள். ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

அப்பா பேச்சைக் கேட்டது போதும், நாளை ஸ்டெதாஸ்கோப்பிடம் போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரமாகிறது. பேனா ஓடவில்லை.

ஸ்டெதாஸ்கோப்புக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது. காரைப் பார்த்ததும் சிரித்தார். “வந்துட்டியா” என்று காரைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். இடது சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். ‘டொக்’. அதே டொக்! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். மறுபடி டொக். “பிரேக் புடிச்சா ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலை. அப்ப பால் ஜாயின்ட்தான்” என்றார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் நுனியில் ஒரு உருண்டை மூட்டு, நம் தோள்பட்டை மாதிரி. அது தேய்ந்து குழிக்குள் ஆடுகிறது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங்கோடு சேரும் கம்பியின் முனையும் ஆடுகிறது. அதனால்தான் அலைன்மென்ட் நிற்கவில்லை. ஆடுகிற பல்லுக்கு வெள்ளியில் உறை போட்டிருக்கிறார் அந்த டயர் கடைக்காரர்.

“பாத்தீங்களா! வண்டிதான்! நான் அப்பவே சொன்னேன்!”

“வண்டிதாம்மா. அதுல என்ன சந்தேகம்? போன வருஷக் கடைசியிலயே அப்பாட்ட சொல்லிட்டேனே.”

எனக்குப் புரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

“பொருளைக்கூட வாங்கி வெச்சாச்சு. அவர்தான், ‘இருக்கட்டும், நான் சொல்றப்ப மாட்டு’ன்னாரு. ரெண்டு தடவை நானே போன் பண்ணேன். அதுக்கப்புறம் அவர் இந்தப் பக்கமே வரலை.”

அலமாரியைக் காட்டினார். அட்டைப் பெட்டி. மேலே சாக்பீஸில் எங்கள் வண்டி நம்பர். அதன்மேல் தூசி.

“இப்படியே ஓட்டினா என்ன ஆகும்?”

“உருண்டை குழியிலேந்து கழண்டுடுச்சுன்னா சக்கரம் அப்படியே வெளிப்பக்கமா மடிஞ்சிரும். ஸ்டீயரிங்க திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“வண்டி அவரோடதும்மா. ஓனர் வேணாங்கும்போது நான் எப்படிக் கழட்டுறது?”

ஓனராம். அந்த வண்டியில் என் அம்மா வாரம் மூன்று நாள் உட்கார்ந்து போகிறாள். முந்தாநாள் வரை அண்ணனோடு சண்டை போட்டேனே, யாருக்காக?

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“மெதுவாத்தான் போவேன்மா...”

“சக்கரம் மடிஞ்சா மெதுவாவா மடியும்? அம்மாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு... ஆறு மாசமா... உங்களுக்கு என்ன பைத்தியமா? இல்ல, எதுக்குன்னாவது சொல்லித் தொலைங்க!”

அப்பாவை நான் இப்படிப் பேசியதே இல்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார். வீட்டுக்குள் எதற்குப் பையில் கை? நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“வண்டி ஆடுற வரைக்கும் யாரும் என் கையப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார். “வண்டிய சரி பண்ணிட்டா அப்புறம் எதச் சொல்றது?”

கையை வெளியே எடுத்துக் காட்டினார். வலது கை. சும்மா நிற்கும்போதே ஆடியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். “அரை கப் காபி எதுக்குன்னு நெனச்சே? சிந்தாம இருக்கத்தான். கை விஷயம் எனக்குத் தெரியும்.” பிறகு அப்பாவைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, “சக்கரம் விஷயம் தெரியாது” என்றாள்.

நான் கிளினிக்கில் அந்தம்மாவை வெளியே உட்கார வைத்தேன். இங்கே யாரை வெளியே உட்கார வைப்பது?

ஜூன் 21, சனி

டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். அம்மா அப்பாவோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்பாவிடமிருந்த மாற்றுச் சாவியும் என் பையில் இருக்கிறது. அண்ணன் எதைச் செய்யச் சொன்னானோ அதையே செய்திருக்கிறேன். நினைத்தாலே எரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்னும் கோபம் போகவில்லை. பயந்தவர்மேல் இவ்வளவு கோபம் வருமா? வருகிறது. பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. ஊரில் இருக்கிற எல்லாக் கிழவரும் என்னிடம் வந்து ‘கேட்கவில்லை’ என்று ஒத்துக்கொள்கிறார்கள். என் அப்பா மட்டும் ஒரு ஓட்டை வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பால் ஜாயின்ட், கம்பி முனைகள், அதன்பிறகு அலைன்மென்ட். நான் தனியாக பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தைந்தில் ஸ்டீயரிங் சும்மா இருந்தது. ஒரு விரலால் பிடித்தேன். வேகத்தடையில் சத்தமே இல்லை.

இதற்காகத்தானே இத்தனை நாள் அலைந்தேன்? சந்தோஷமாகவே இல்லை.

ஜூன் 25, புதன்

அப்பா கேட்டார், “ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா? நீ பக்கத்துல உக்காரு. அம்மா வேணாம்.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன். காலை நேரம், பைபாஸில் கூட்டமில்லை. வழி முழுக்க என் கை ஹேண்ட் பிரேக் மேல்தான் இருந்தது.

அழகாக ஓட்டினார். கியர் மாற்றியது தெரியவில்லை. எழுபதைத் தொட்டார், எழுபத்தைந்து. ஸ்டீயரிங் ஆடவில்லை. அதன்மேல் இருந்த கை ஆடியது. வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் வரை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம். ரோட்டைப் பார்த்தோமா என்பதே சந்தேகம்.

அப்பா வேகத்தைக் குறைத்தார். இண்டிகேட்டர் போட்டார். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை என் கையை விலக்கிவிட்டு அவரே இழுத்தார்.

“நல்லா பண்ணியிருக்கான்” என்றார், மெக்கானிக்கை. பிறகு இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். “எறங்கு. நீ ஓட்டு.”

வீடு வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் மட்டும், “ரெண்டாவது கியர்” என்றார். நான் ஏற்கனவே இரண்டாவதில்தான் இருந்தேன். சண்டைக்குப் போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மருந்து இருக்கிறதாம், முழுக்கப் போகாதாம், குறையுமாம். கார் ஓட்டுவதைப் பற்றி டாக்டர் ஆரம்பிக்கும் முன்பே அப்பா, “விட்டுட்டேன்” என்றார்.

கிளினிக்கில் பேசி, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். இனி நான்தான் அம்மாவைக் கூட்டிப் போவேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் வீட்டில் ஏன் யாரும் என்னைக் கூட்டிப் போகச் சொல்லவில்லை? அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஜூன் 28, சனி

அண்ணன் வந்துவிட்டான். ஸ்டேஷனுக்கு நான் போனேன். பைபாஸில் அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“வண்டி சரியாயிடுச்சே!”

“வண்டி ஆடினதும் நெஜம், கை ஆடினதும் நெஜம். ரெண்டு பேரும் பாதி பாதிதான் சொன்னோம். ஆனா வீட்டு புரோக்கர் இன்னைக்கு வந்தான்னா ஜாக்கிக் கம்பியாலயே அடிப்பேன்.”

“சரி சரி, இன்னைக்கு அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்” என்றான். தன் ஊருக்கு வந்தால் எவ்வளவு வசதி என்று அம்மாவுக்கு வழியில் எடுத்துச் சொல்லலாம் என்று எண்ணம். போனான். நாலு மணி நேரம் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவதை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறான். மத்தியானம் வந்தவன் சாப்பிடவில்லை. பதினோராவது மாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. போகும் முன் என்னிடம், “மாசத்துல ஒரு வாரம் நான் வந்து பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடு” என்றான். வருவானா பார்க்கலாம். பாப்பா என்று சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து இரண்டு பேரையும் வீட்டில் இறக்கினேன். அப்பாவும் கூட வருகிறார். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சிக்னலிலும் என் பிரேக்கைக் குறை சொல்கிறார். ஒரு நாள் நடுரோட்டில் இறக்கிவிடப் போகிறேன்.

அம்மா அவரோடு பேசாமல் இன்றோடு பத்து நாளுக்கு மேல் ஆகிறது. களைப்போடு சமையலறைக்குள் போனாள். நான் போடுகிறேன் என்று சொன்னதைக் கேட்கவில்லை. காபி கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள்.

அப்பா கப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்தார். சட்டையில் சிந்தியது, பேப்பரில் சிந்தியது, தட்டில் சிந்தியது. அம்மா துணியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“சூடு சரியா இருக்கா?” என்று கேட்டாள்.